படி ஏற வேண்டாத ரூம்

திருநள்ளாற்றில் எங்கள் லாட்ஜுக்கு அவர் முதன்முதலாக வந்த நாளில் ஒரு ரூமைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினார், ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார், டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"போன் வந்தா நீங்க பாட்டுக்குப் பேசுங்க சார். நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

செல்போனில் எதையாவது தேடும்போது பட்டியலுக்கு மேலே வந்து நிற்கிற விளம்பரங்களைப் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். எனக்குத் தெரிந்து, காரைக்காலில் அப்போது அதை முழுநேர வேலையாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். அப்படிப்பட்டவர் மடிக்கணினியும் ஆங்கிலமுமாக வந்து இறங்குவார் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். வெளுத்த சுடிதார், கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் மாதா கோயில் காலண்டர் தாளில் அட்டை போட்ட நீளமான நோட்டு. என் மனைவி செல்வி காபி கொண்டுவந்து கொடுத்ததும் "தேங்க்ஸ்க்கா" என்று வாங்கிக்கொண்டார். முதல் வாய்க்கே அக்காவாகிவிட்டாள்.

அரைமணி கழித்து ஒரு போன் வந்தது. பேசிவிட்டு வைத்தேன்.

"என்ன கேட்டாங்க சார்?"

"தரைத்தளத்தில் அறை கிடைக்குமான்னு கேட்டாங்க."

"அப்படியேவா கேட்டாங்க?"

"அதுதாம்மா அர்த்தம்."

"அர்த்தம் வேணாம் சார். அவங்க வாயில என்ன வந்துச்சோ அதச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காரைக்காலில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகத் தமிழாசிரியராக இருப்பவனிடம் அர்த்தம் வேண்டாம் என்கிறாரே என்று. இருந்தாலும் சொன்னேன். "படி கிடி ஏற வேண்டாம்லன்னு கேட்டாங்க."

நோட்டில் எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். 'படி கிடி ஏற வேண்டாம்ல' என்றே எழுதியிருந்தார். கிடி என்ற சொல்லை யாரோ மெனக்கெட்டு எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை, டீக்கடைப் பலகை, பேருந்து நிறுத்தத்தில் ஒட்டிய நோட்டீஸ், எதுவாக இருந்தாலும் மனதுக்குள்ளாவது ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டுத்தான் நகர்வேன். "ஒங்க அப்பாவோட கருமாதிப் பத்திரிகையிலயே ஒற்று போட்டுக்கிட்டு உக்காந்திருந்த ஆளு நீங்க" என்று செல்வி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அது உண்மைதான்.

லாட்ஜ் செல்வியுடையது. அவள் அப்பா நெடுங்காட்டுப் பக்கம் விவசாயம் பார்த்தவர். ஒரே பெண்ணுக்கென்று கொஞ்சம் நிலத்தை விற்று, திருநள்ளாற்றின் எல்லையில், வயலை ஒட்டி ஆறு ரூமை வரிசையாகக் கட்டினார். மாடி கட்டக் கையில் காசில்லை. அவர் போன பிறகு அவளே நடத்தினாள். கோயிலைச் சுற்றி மூன்று மாடி, நான்கு மாடி என்று எழும்ப எழும்ப, எங்கள் பக்கம் ஆள் வருவது குறைந்தது. சனிக்கிழமை மட்டும், மற்ற இடமெல்லாம் நிரம்பி வழிந்து வருகிறவர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் ஆறு கதவும் பூட்டிக் கிடக்கும். பக்கத்து மூன்று மாடி லாட்ஜ்காரர் எங்கள் இடத்தை விலைக்குக் கேட்டார். இடித்துவிட்டு அடுக்கு மாடி போடுவது அவர் திட்டம். எனக்குக் கொடுத்துவிடலாம் என்றே இருந்தது. செல்விக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் வாடிவிடும். கடைசியில், சித்திரை பிறப்பதற்குள் ரூம்கள் நிரம்பாவிட்டால் விற்றுவிடுவது என்று நான்தான் கெடு வைத்தேன். லாட்ஜ்காரரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அவளுக்கு அப்பா கொடுத்ததென்று மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். அது எனக்குத் தெரிந்தே கெடு வைத்தேன்.

அந்தப் பெண்ணைக் கூப்பிடுவதற்கு முன்னால் நானே ஒரு விளம்பரம் போட்டுப் பார்த்திருந்தேன். இந்த விளம்பரத்தில், பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் காசில்லை. யாராவது தட்டி உள்ளே வந்தால்தான் நம் கணக்கில் கழியும். அதனால் சொல் முக்கியம் என்றார்கள். சொல்தானே, நமக்கில்லாததா என்று உட்கார்ந்தேன். 'திருநள்ளாறு: தூய தங்கும் விடுதி' என்று ஒற்றுப் பிழையில்லாமல் எழுதினேன். எந்த ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்ட இடத்தில் புதுச்சேரி என்று போட்டேன். காரைக்கால்காரன் கை அப்படித்தான் போகும். எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் மாநிலம் என்ற கட்டத்தில் புதுச்சேரி என்று எழுதி எழுதிப் பழகியவர்கள் நாங்கள்.

மறுநாள் காலையில் பத்து மணிக்குள் அன்றைக்கு ஒதுக்கிய காசு தீர்ந்துவிட்டது. போனும் அடித்தது. "சார், பொண்ண காலேஜ்ல சேக்குறோம். விடுதியில எடம் இருக்கா? மெஸ் உண்டா?" என்று முதல் போன். இரண்டாவதும் அதுவே. புதுச்சேரிக்குச் சுற்றுலா வந்திருந்த மூன்றாவது ஆள் ஏசி இருக்கிறதா, ஐஸ் கட்டி கிடைக்குமா, எத்தனை மணிக்குக் கதவடைப்பீர்கள் என்று விசாரித்தார். எங்கள் மாநிலத்தில் எந்தச் சரக்கு மலிவு என்று அவர் வந்தாரோ அது எங்கள் லாட்ஜில் கிடையாது என்று சொல்லி வைத்தேன். நான்கு நாளில் ஒரு பக்தர்கூட வரவில்லை.

இதையெல்லாம் கேட்டு அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும்.

"நீங்க வீட்ல பேசும்போது விடுதின்னா சொல்வீங்க சார்?"

"வீட்டுல லாட்ஜுன்னுதான் சொல்றது."

"அப்ப இத யாருக்கு எழுதுனீங்க?"

அடுத்து அவர் புதுச்சேரியைப் பார்த்தார். "நம்ம மாநிலம் அதுதான் சார், இல்லங்கல. ஆனா நம்மகிட்ட வர்றவங்க கோயம்புத்தூர்லேருந்து வர்றாங்க, சேலத்துலேருந்து வர்றாங்க, பெங்களூர்லேருந்து வர்றாங்க. அவங்க கண்ணுலயே நீங்க படலையே" என்றார். மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ்ந்திருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, தமிழ்நாட்டுக்காரர் யாருக்கும் தெரியாதபடி நான் விளம்பரம் செய்திருக்கிறேன்.

அவர் வேலையைத் தொடங்கிய விதமும் எனக்கு வினோதமாக இருந்தது. "யாரு வரக்கூடாதுன்னு மொதல்ல எழுதிருவோம் சார்" என்றார். அந்தச் சொற்களோடு யாராவது தேடினால் எங்கள் விளம்பரம் எட்டியே பார்க்காது. நாலு பக்கம் வந்தது அந்தப் பட்டியல். முதலில் காரைக்குடி. நம்மூரைத் தேடுகிறவன் கைதவறி அங்கே போவதும், அந்த ஊரைத் தேடுகிறவன் இங்கே வருவதும் தினசரி நடப்பது. பிறகு மெஸ், சேர்க்கை, பார், பீச். பிறகு ராசி பலன்.

"அது ஏம்மா? சனி பகவானைத் தேடுறவங்கதானே?"

"பலன் பாக்குறவங்க வீட்ல உக்காந்தே பாத்துக்கிறாங்க சார். அவங்க தட்டுனா ஏழரை நமக்குத்தான்."

செல்வி சமையலறையிலிருந்து சிரித்தது கேட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் லாட்ஜ் பேச்சில் அவள் சிரித்தாள்.

ஜனங்கள் எதை எப்படிக் கேட்பார்கள் என்பதில் அவருக்கு அடங்காத ஆசை. பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். பூசை முடிந்து கோயிலிலிருந்து வருகிறவர்களை நிறுத்திக் கேட்பார். விழிதியூரில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவரையும் அழைத்துப் போயிருந்தோம். பந்தியில் எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் நடுவில் உட்கார்ந்தவர், சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, முட்டி வலிக்காரங்கள கூட்டிக்கிட்டு வெளியூரு போறீங்க. ரூம் வேணும். செல்லுல என்னன்னு போட்டுத் தேடுவீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். முழங்கால் தைலம் விற்கிற பெண்ணை அழைத்து வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் எதிர்வரிசையில் இருந்த அத்தை ஒருத்தி பதில் சொன்னாள். அடுத்த இலைக்காரர் அதை மறுத்தார். பாயசம் வருவதற்குள் வரிசையே ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தது. 'உக்காந்து போற பாத்ரூம்' என்று வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குப் பெயர் கிடைத்தது அந்தப் பந்தியில்தான். அவர் இடது கையால் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் அது விளம்பரத்தில் வந்தது. 'படி ஏற வேண்டாம். எல்லா ரூமும் தரையில். உக்காந்து போற பாத்ரூம்.' இவ்வளவுதான் மொத்த விளம்பரமும். பள்ளியில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று ஒரு மாதம் தலையைக் குனிந்துகொண்டு போய்வந்தேன்.

அவருக்கு இந்தக் குணம் எங்கே பிடித்தது என்று செல்விதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். விளம்பர வேலைக்கு வருவதற்கு முன்னால் டவுனில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் நின்றிருக்கிறார். மருந்தின் பெயரை யாரும் சரியாகச் சொல்வதில்லை. நீல மூடி டானிக், பிளந்து போடுகிற வெள்ளை மாத்திரை, போன மாசம் எங்க மாமா வாங்கினது என்றுதான் வருவார்கள். அவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒருநாள் முதலாளி இருந்த நேரத்தில் வயதான ஒருவர் வந்து ஏதோ பெயரைக் குளறிக் கேட்க, முதலாளி கடைக்கே கேட்கிறமாதிரி அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறார். வந்தவர் ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். "அந்தாளு அப்பறம் வேற எங்கயாச்சும் போயிக் கேட்டாரா, இல்ல கேக்கவே கூச்சப்பட்டு வுட்டுட்டாரான்னு எனக்குத் தெரியலக்கா" என்று செல்வியிடம் சொன்னாராம். நான் அதைக் கேட்ட அன்று என் வகுப்பில் நான் இப்படித் திருப்பிச் சொல்லிக் காட்டிக் கூச வைத்த பையன்களின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

என் குணத்தோடு அவர் குணம் மோதாமல் இருக்குமா? ஒருநாள் தேடற்சொற்களின் பட்டியலைக் கொடுத்து, ஏதாவது விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொன்னார். திருநள்ளாறு என்ற பெயரை மட்டும் அதில் பதினொரு விதமாக எழுதியிருந்தார். திருநல்லார், திருனள்ளார், திருநள்ளாரு. எனக்குக் கண் கூசியது. எல்லாவற்றையும் திருத்தி, அவருக்கு வேலை மிச்சம் என்று நானே கணக்கில் ஏற்றியும் விட்டேன். மூன்று நாள் போன் அடிக்கவில்லை. நாலாவது நாள் அவர் வந்தார். பார்த்தார். செல்வி கொடுத்த காபியைத் தொடவில்லை.

"பதினொன்னு வச்சிருந்தேனே சார்."

"பத்து தப்பும்மா."

"தப்புதான். ஒவ்வொன்னும் ஒரு ஆளு சார். பத்து பேரையும் வாசல்ல நிக்க வச்சிட்டீங்க."

சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. ஆனால் அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். சித்திரைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. செல்வி என்னைப் பார்த்த பார்வையில், வேண்டுமென்றே செய்தீர்களா என்ற கேள்வி இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அவள் அப்படிச் சந்தேகப்படும்படி நான் நடந்திருக்கிறேன். நானே உட்கார்ந்து பத்தையும் பழையபடி தப்புத் தப்பாக எழுதி ஏற்றினேன். கை ரொம்பவும் முரண்டு பிடித்தது.

நல்லதைச் சொல்லி ஆளைக் கூப்பிடுவது அவருக்குப் போதாது. இல்லாததையும் சொல்ல வேண்டும் என்பார். எங்கள் பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க நாலு விரல் உயரத்தில் ஒரு தடுப்பு கட்டியிருந்தது. அதைப் படம் எடுத்து, 'பாத்ரூம் வாசலில் ஒரு சின்ன மேடு இருக்கு. காலைத் தூக்கி வைக்கணும்' என்று எங்கள் இணையப் பக்கத்தில் முதல் வரியாகப் போட்டுவிட்டார். நான் குதித்தேன். காசு கொடுத்து ஆளை வரவழைத்து, வாசலிலேயே குறையைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்களா என்று கேட்டேன்.

"செல்லுல பாத்துட்டுத் திரும்புனா நமக்கு ஒரு தட்டுதான் நஷ்டம் சார். அம்மாவ கார்ல வச்சு முந்நூறு கிலோமீட்டர் கூட்டிக்கிட்டு வந்துட்டு, அந்த மேட்டுல நின்னாங்கன்னா?"

செல்வி கொத்தனாரைக் கூப்பிட்டு ஆறு தடுப்பையும் உடைத்துச் சரிவாகப் பூசச் சொன்னாள். பூச்சு காய்ந்த பிறகுதான் அவர் அந்த வரியை எடுத்தார். சனிக்கிழமைகளில் விளம்பரத்தை நிறுத்திவிடுவதும் அவர் முடிவு. அன்றைக்குத் தானாக நிரம்பும் இடத்துக்கு எதற்குக் காசு என்றார். முட்டி வலிக்காரர்களுக்கும் கூட்டமில்லாத நாள்தானே தோது. ஞாயிறு முதல் வெள்ளிவரை மட்டும் விளம்பரம் ஓடியது.

மெல்லத்தான் வந்தார்கள். சேலத்திலிருந்து ஒரு மகன், தன் அம்மாவோடு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். அந்த அம்மாள் காரிலிருந்து இறங்கி, தடியை ஊன்றிக்கொண்டு, வரிசையாக இருந்த கதவுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "எங்கடா படி?" என்று மகனைக் கேட்டார். "இல்லம்மா, கெடையாது" என்றார் மகன். அந்த அம்மாள் அப்படியே நின்று சிரித்தார். ஊரில் லிப்ட் வைத்த லாட்ஜ்களிலும் லிப்டுக்குப் போக ஏழு படி ஏற வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் மாமனார் கையில் காசில்லாமல் மாடி கட்டாது விட்ட இடத்தைத்தான் அவர்கள் தேடிக்கொண்டு வந்திருந்தார்கள்.

சித்திரை பிறந்து மூன்றாம் நாள் லாட்ஜ்காரர் முன்பணத்தோடு வந்தார். கூடவே அளவெடுக்க ஒரு பொறியாளர். அது புதன்கிழமை. விளம்பரம் போட்டுக் கொடுத்த பெண்ணும் கணக்குப் பார்க்க வந்து எங்களோடு மேசையருகில் இருந்தார்.

"ஒரு ரூம தொறந்து காட்டுனீங்கன்னா அளவு பாத்துக்குவாங்க" என்றார் லாட்ஜ்காரர் என்னிடம்.

செல்வி முந்திக்கொண்டாள். "காட்ட ரூம் இல்லைங்க. ஆறுலயும் ஆளு இருக்காங்க."

"அப்ப இன்னொரு நாள் வரட்டுமா?"

"வேணாங்க."

லாட்ஜ்காரர் என் முகத்தைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவன் நான். "அது அவங்க எடம்ங்க. அவங்க சொன்னா சரி" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. அவர்கள் போனதும் செல்வி அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் பள்ளி விட்டதும், பால்கோவா வாங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அதுவரை அவர்தான் எங்களைத் தேடி வந்திருக்கிறார். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு பேக்கரி, அதன்மேல் இரண்டாவது மாடி. பிடித்து ஏறக் கயிறு கட்டியிருந்த செங்குத்தான படிக்கட்டு. செல்வி பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் நாற்காலியில் வயதான ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. எந்திரிச்சு வர முடியல, கோச்சுக்காதீங்க. அவளோட அம்மா நான்."

"கோயில் பக்கத்துலயே இருக்கேம்மா. பூசைக்கெல்லாம் போவீங்களா?" என்றாள் செல்வி.

"எங்க போறது? மணி அடிச்சா இங்கேருந்தே சிலுவ போட்டுக்குவேன். முட்டி போச்சு. ஆஸ்பத்திரின்னா தூக்கிக்கிட்டுப் போவாங்க. மத்தபடி கீழ மண்ண மிதிச்சு ஒன்னர வருசமாச்சு."

உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்த மகள், நாங்கள் கேட்டுவிட்டோம் என்பதைத் தெரிந்துகொண்டு தலையைக் குனிந்தார்.

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள் செல்வி.

"தரையில வீடு தேடிக்கிட்டுதான்க்கா இருக்கேன். நம்ம வாடகைக்கு அமையல. ஒங்ககிட்ட எப்படிக் கேக்குறது? ரூமுக்கு ஆளு கொண்டாறதுக்கு வந்தவ, நானே ஒரு ரூம அடைச்சிக்கிட்டா?"

செல்வி நேரே அந்த அம்மாளிடம் போய், "நாளைக்கு ஆறாம் நம்பர் ரூம் காலியாவுது. நீங்க வர்றீங்க" என்றாள்.

"எத்தன நாளைக்குங்க?"

"ஒங்களுக்குப் போதும்னு தோணுற வரைக்கும்."

மறுநாள் பேக்கரி ஆட்கள் நாலு பேர் நாற்காலியோடு அந்த அம்மாளை இறக்கினார்கள். திருநள்ளாற்றில் காரை விட்டு இறங்கியதும், யாரையும் தொட விடாமல் தடியை ஊன்றிக்கொண்டு அவர் ஆறாம் நம்பர் ரூமுக்குள் போனார். உடனே வெளியே வந்தார். வயல் ஓரமாக ரோடுவரை நடந்தார். திரும்பி வந்தார்.

மகள் என் மேசையில் உட்கார்ந்து செல்போனில் எதையோ மாற்றிக்கொண்டிருந்தார். பார்த்தேன். எங்கள் இணையப் பக்கத்தில் 'மொத்தம் ஆறு ரூம்' என்று இருந்ததை 'மொத்தம் அஞ்சு ரூம்' என்று ஆக்கியிருந்தார்.

"இப்பவே மாத்தணுமாம்மா?" என்றேன்.

"ஆமா சார்" என்றார். வெளியே அவருடைய அம்மா மூன்றாவது தடவையாக ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.